கதை வசனம்

திருவிளையாடல் படத்தைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே அதைக் காதால் மனப்பாடம் செய்துவிட்டேன். புளியங்குடியில் அப்பாவுக்கு ரேடியோ செட் கடை. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் கட்டி, டியூப்லைட் மாட்டி, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு பையனை உட்காரவைத்துவிட்டு வருவார். பாட்டு ரெக்கார்டுகளோடு கதை வசன ரெக்கார்டுகளும் கடையில் அடுக்கியிருக்கும். பந்தி முடிந்து பெரியவர்கள் வெற்றிலை போடுகிற நேரத்தில் பாட்டு எடுபடாது, வசனம்தான் போட வேண்டும் என்பது அவருடைய தொழில் ஞானம். 1984இல் ‘விதி’ வந்தபோது அந்தக் கோர்ட் சீன் கேசட் ஓடாத டீக்கடை எங்கள் பக்கத்தில் இல்லை.

எனக்குக் குழாய்ச் சத்தம் ஆகாது. உடம்பே வலிக்கும். காதைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். ரேடியோ செட்காரர் மகள் ரேடியோ செட்டுக்குப் பயந்து ஓடுகிறாள் என்று தெருவே சிரிக்கும். ஆனால் கடையில், ரெக்கார்டில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க, அப்பா சின்னப் பெட்டி ஸ்பீக்கரில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பார். அப்போது நான் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வேன். தருமி கேள்வி கேட்க, புலவராக வந்த சிவபெருமான் பதில் சொல்ல, மறுபடி கேள்வி, மறுபடி பதில். இரண்டு பேர் பேசிக்கொள்வது என்றால் இப்படித்தான் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

நிஜ மனிதர்களின் பேச்சில் எனக்குப் பிடி கிடைத்ததில்லை. அம்மா கூப்பிடுகிற ஒரே ‘வா’ காலையில் ஒரு விதமாக இருக்கும், விருந்தாளி இருக்கும்போது வேறு விதமாக இருக்கும், அப்பாவோடு சண்டை போட்ட அன்று இன்னொரு விதமாக. எதற்கு நான் சிரிக்க வேண்டும், எதற்கு ஓடிப்போய் நிற்க வேண்டும் என்று தெரியாது. ரெக்கார்டில் அந்தத் தொல்லை கிடையாது. சாவித்திரி கோபப்படுகிற இடத்தில் எப்போது போட்டாலும் அதே அளவு கோபம். ஊசி குதிக்கிற இடம்கூடத் தெரிந்த இடம். என்னைச் சுற்றி மாறாமல் இருந்த மனிதக் குரல்கள் அவைதான்.

நான் பேச்சு வராத பிள்ளை இல்லை. பேச்சு நிறைய வந்தது. எல்லாம் அடுத்தவர்கள் பேசியது. பசித்தால் பசிக்கிறது என்று சொல்ல வராது. கோயிலில் நின்று தருமி தனியாகப் புலம்புவது அப்படியே வரும், நாகேஷ் மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கி. அம்மாவுக்கு அது திமிராகப் பட்டது. இது சோற்று நேரத்துப் புலம்பல் என்று ஆச்சிதான் கண்டுபிடித்தாள். தட்டோடு வந்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு, ஈஸ்வரன் பேச்சைப் பேசுவாள். பாதி வசனம் தப்பும். “ஏட்டி, பெறவு என்ன சொல்வாரு அந்தாளு?” என்று என்னிடமே கேட்பாள். நான் எடுத்துக் கொடுப்பேன், அவள் சொல்வாள், நடுவில் ஒரு வாய்ச் சோறு உள்ளே போகும். ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவள் செய்தது என்ன என்பது முப்பத்தைந்து வருஷம் கழித்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த ஆள் தருமியும் இல்லை, சிவனும் இல்லை. நக்கீரர். படத்தை எடுத்த ஏ.பி. நாகராஜனே நடித்த வேஷம் அது. எதிரில் நிற்பது கடவுள் என்று தெரிந்த பிறகும் பாட்டில் உள்ள குறையைக் குறை என்றே சொல்கிற மனிதர். சொந்தத்தில் ஒரு கல்யாணம். வீட்டில் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். போட்டிருந்த தேதி வியாழக்கிழமை, அச்சடித்திருந்த கிழமை வெள்ளி. நான் அதைச் சபையில் சத்தமாகச் சொன்னேன். அம்மா தொடையில் கிள்ளிய தடம் ரொம்ப நேரம் இருந்தது. அந்தக் கல்யாணத்துக்கும் அப்பாவின் செட்தான். சாயங்காலம் நக்கீரர் குழாயில் வாதாடியபோது, காலையில் என்னை முறைத்த அத்தனை பெரியவர்களும் தலையாட்டி ரசித்தார்கள். அந்த நியாயம் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் என்னைப் போல ஓர் ஆள் உண்டு, அவரை ஊரே கும்பிடுகிறது என்பது அன்றைக்குப் பெரிய தெம்பு.

எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த பிறகு அத்தை மகன் மூலமாக முத்து காமிக்ஸ் கைக்கு வந்தது. பக்கத்துச் சிவகாசியில் அச்சாவது. 1972இல் அதன் முதல் வெளியீடே ‘இரும்புக்கை மாயாவி’தான். எங்களுக்குக் கிடைத்தவை எல்லாம் நாலு கை மாறி, அட்டை போனவை. கதையைவிட முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியவை வசனப் பலூன்கள். வாயால் பேசினால் வால் முளைத்த பலூன். மனசுக்குள் நினைத்தால் மேகம் மாதிரி ஒன்று, அதிலிருந்து தலை வரைக்கும் சின்னச் சின்ன வட்டங்கள். ஒருத்தன் வெளியே ஒன்று பேசுகிறான், உள்ளே வேறொன்று நினைக்கிறான், இரண்டும் ஒரே கட்டத்தில் அச்சாகியிருக்கிறது! மற்றப் பிள்ளைகளுக்கு அது சாதாரணம். எனக்கு, மனிதர்கள் நினைப்பதும் சொல்வதும் வேறு வேறாக இருக்கலாம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. நிஜ ஆட்களின் தலைக்கு மேல் அந்த மேகம் இல்லாததுதான் என் வாழ்நாள் சங்கடம்.

மாயாவி கதை தெரிந்திருக்கும். லூயிஸ் கிராண்டெல் ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் காற்றில் தெரியும். உள்ளே சந்தோஷமோ பயமோ ஏறினால் என் விரல்கள் தானாக உதறிக்கொள்ளும். “கையை வச்சிக்கிட்டுச் சும்மா இரேம்ட்டீ” என்பது அம்மா என்னிடம் அதிகம் சொன்ன வாக்கியமாக இருக்கும். கூட்டத்தில் நான் எவ்வளவுதான் ஒளிந்து நின்றாலும் கை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மாயாவியின் பிரச்சினை எனக்கு உடனே புரிந்தது. அவனுக்கும் மறைய முடியும், ஆனால் முழுசாக மறைய முடியாது.

கொஞ்சம் வளர்ந்ததும் கல்கி. கிளை நூலகத்துப் புத்தகம் இல்லை. பக்கத்து வீட்டு டீச்சர் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து பைண்டு பண்ணி வைத்திருந்த பொன்னியின் செல்வன். நடுநடுவே மருந்து விளம்பரங்களோடு. கதையை எல்லோரும் புகழ்வார்கள். என் காரணம் வேறு. கல்கி எதையும் ஊகத்துக்கு விடுவதில்லை. ஒரு பெண் முகம் சிவந்தால் அது வெட்கமா கோபமா என்று சொல்லிவிடுவார். நடுவில் கதையை நிறுத்தி, வாசகரைக் கூப்பிட்டு, இன்னார் ஏன் இப்படிச் செய்தார் என்று விளக்கமும் கொடுப்பார். இலக்கிய ரசிகர்கள் சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். அவர்களுக்கு முகம் பார்த்து மனசு படிக்கிற வசதி பிறவியிலேயே கிடைத்திருக்கிறது. எனக்கு அந்த விளக்கம் சோறு மாதிரி.

முதல் பாகத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஆடிப் பெருக்கு, வீராணம் ஏரி, குதிரை மேல் வந்தியத்தேவன். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தும் ஏன் படிக்கிறாய் என்று கேட்பார்கள். தெரியும் என்பதால்தான் படிக்கிறேன். நாள் முழுக்க அடுத்து யார் என்ன செய்வார்களோ என்று உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பவளுக்கு, அடுத்த பக்கத்தில் ஆழ்வார்க்கடியான் தடியோடு நிற்பான் என்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில்தான் தோள்பட்டை இறங்குகிறது. ஆதித்த கரிகாலன் சாகிற பகுதிக்கு நான் அடிக்கடி போவதில்லை. யார் கொன்றது என்று அறுபது எழுபது வருஷமாகச் சண்டை நடக்கிறது. நடக்கட்டும்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வருகிற ஜீனோவையும் சொல்லாமல் விட முடியாது. புத்தகம் படிக்கிற, மனிதர்கள் ஏன் இப்படி என்று குழம்புகிற, பட்டென்று உண்மை பேசிவிடுகிற இயந்திர நாய். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஜீனோவைப் போல ஒரு நாய் வேண்டுமென்று ஆசை. எனக்கு அது நாயாகவே படவில்லை.

கல்லூரி விடுதிக்குப் போகும்போது நான் மிகவும் பயந்திருந்தேன். அங்கே நடந்தது வேறு. கரகாட்டக்காரன் வந்து அடங்கியிருந்த காலம். மெஸ்ஸில் வாழைப்பழம் வைத்தால் போதும், ஒரு மேசை முழுக்கக் கவுண்டமணியும் செந்திலும் ஆகிவிடும். பரீட்சைக்கு ஒரு வசனம், காதல் தோற்றால் ஒரு வசனம், வார்டனைத் திட்ட ஒரு வசனம். அந்த ஊரில் எல்லோரும் என்னை மாதிரியே பேசினார்கள்! என் தலைக்குள் அப்போது எத்தனையோ படங்களின் வசனம் முழுசாக இருந்தது. எந்த நேரத்துக்கு எதை எடுப்பது என்று ஆச்சியோடு பழகியிருந்தேன். ஒரே மாதத்தில் விடுதியின் மிகப் பெரிய நகைச்சுவைக்காரி என்று பேர் வாங்கினேன். என் சொந்த வாக்கியம் ஒன்றைக்கூட நான் பேசவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

தமிழ்நாட்டில் ஆட்டிசக்காரி ஒருத்தி ஒளிந்துகொள்வது எளிது. வேறு இடத்தில் பிறந்திருந்தால் சினிமா வசனத்தில் பேசுகிறவளைக் குழந்தையிலேயே டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். இங்கே அமைச்சரிலிருந்து ஆட்டோ ஓட்டுநர் வரை எல்லோருக்கும் வடிவேலு கை கொடுக்கிறார். வித்தியாசம் ஒன்று உண்டு. அவர்கள் ருசிக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். அது இல்லாவிட்டாலும் அவர்களிடம் பேச்சு இருக்கிறது. எனக்கு வசனம் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. அலுவலகத்தில் பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொல்வது எனக்கு மலை. துட்டி வீடு எளிது. அங்கே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், யாரும் பேசச் சொல்வதில்லை.

மகன் பிறந்து மூன்று வயது வரை பேசவில்லை. பேசியபோது டோராவாகப் பேசினான். 2007இல் சுட்டி டிவி வந்து, ‘டோராவின் பயணங்கள்’ எல்லா வீட்டிலும் ஓடிய காலம். அவன் அருகில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு அந்த நிகழ்ச்சியின் மேல் மரியாதையே வந்துவிட்டது. டோரா கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். அவசரப்படுத்துவதில்லை, முகத்தைச் சுளிப்பதில்லை. கிளம்புவதற்கு முன் மேப் வந்து, கடக்க வேண்டிய இடங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறது. சொன்ன வரிசையில்தான் அவை வருகின்றன. குள்ளநரி திருட வருவான் என்பதும் முன்கூட்டியே தெரியும். நாங்கள் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டோம். எங்கே கிளம்பினாலும் மூன்று இடம் சொல்வோம்: பஸ் ஸ்டாண்ட், பாலம், தாத்தா வீடு. மேப்பின் குரலில் சொல்ல வேண்டும். சொன்னால் அழாமல் பஸ் ஏறுவான்.

அவனைக் காட்டிய பயிற்சி மையத்தில் டிவியை நிறுத்தச் சொன்னார்கள். வசனம் பேசினால் பதில் சொல்லாதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், தானாக மறந்துவிடுவான் என்றார்கள். எனக்கு ஆச்சி தட்டோடு வந்து நிற்பது ஞாபகம் வந்தது. பிறகு அந்த மையத்துக்குப் போகவில்லை. இரவில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

ஆட்டிசத்தை 1943இல் முதன்முதலாக விவரித்தவர்களில் ஒருவரான லியோ கானர், 1946இல் இந்தப் பிள்ளைகளின் சம்பந்தமில்லாத பேச்சைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஒரு பையன் வாணலி மாதிரிப் பாத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் குழந்தைப் பாட்டு ஒன்றின் இரண்டு சொற்களைச் சொல்வானாம். விசாரித்தால், அவன் சின்னவனாக இருந்தபோது அம்மா அந்தப் பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கையில் கையிலிருந்த பாத்திரம் தவறி விழுந்திருக்கிறது. பேச்சு சம்பந்தமில்லாதது இல்லை, சம்பந்தம் நமக்குத் தெரியவில்லை என்பதை அவர் அப்போதே கண்டிருக்கிறார். ஆனாலும் அதற்குப் பிறகு பல வருஷம் இந்தத் திருப்பிச் சொல்வதை ஒழிக்க வேண்டிய கெட்ட பழக்கமாகத்தான் நடத்தினார்கள். 1981இல் பாரி பிரிசன்ட்டும் ஜூடித் டுக்கனும் பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்து, அவர்கள் திருப்பிச் சொல்வதில் கேட்பது, ஒப்புக்கொள்வது, தன் முறைக்குப் பேசுவது என்று பல வேலைகள் நடப்பதைக் காட்டினார்கள். பிறகு அமெரிக்கப் பத்திரிகையாளர் ரான் சஸ்கிண்ட் 2014இல் தன் மகனைப் பற்றி எழுதிய ‘லைஃப், அனிமேட்டட்’. பேச்சை இழந்த ஓவன் என்ற பிள்ளை டிஸ்னி படங்களின் வசனம் வழியாகத் திரும்பி வந்த கதை. அலாவுதீன் படத்துக் கிளியின் பொம்மையைக் கையில் மாட்டி, போர்வைக்குள் ஒளிந்து, கிளியின் குரலில் அப்பா பேசுகிறார். பையன் பதில் சொல்கிறான். 2016இல் அது ஆவணப்படமாகவும் வந்தது. பார்த்து முடித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். அந்த அப்பா உலகப் புகழ் பெற்றுவிட்டார். எங்கள் ஆச்சி புளியங்குடியோடு போய்விட்டாள்.

மகனுக்காகப் போன இடத்தில் மனநல மருத்துவர் ஒருவர் என்னிடமும் கேள்வி கேட்கத் தொடங்கினார். நாற்பது தாண்டிய பிறகு என் பேரிலும் ஒரு சான்று வந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எங்களுடையதும் ஒன்று. வீட்டில் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. அம்மா மட்டும், “அப்போ அது திமிரு இல்லியா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் எங்களைப் பற்றிய படங்களாகத் தேடித் தேடிப் பரிந்துரைத்தார்கள். ‘ரெயின் மேன்’ நல்ல படம்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் என்னிடம் மூன்று இலக்க எண்களைக் கொடுத்துப் பெருக்கச் சொன்னார். ‘தாரே ஜமீன் பர்’ படத்தில் எழுத்துகள் ஆடுகிற பையனும் சரி, 2013இல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்துப் பையனும் சரி, கடைசியில் ஜெயிக்க வேண்டியிருக்கிறது. ஒருவன் ஓவியத்தில், ஒருவன் ஓட்டத்தில். ‘ஹரிதாஸ்’ தமிழில் துணிச்சலான முயற்சி, கிஷோர் அப்பாவாகவே இருந்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் படங்கள் எங்களைப் பார்க்கிறவர்களுக்காக எடுக்கப்பட்டவை. பரிசு எதுவும் வாங்காத பிள்ளைக்கு அதில் இடம் எங்கே? காய்ச்சலில் படுத்தால் நான் போடுவது ‘மைக்கேல் மதன காமராஜன்’தான். நாலு கமலும் குழம்புகிறார்கள், கிரேசி மோகனின் ஆட்கள் ஒருவர் சொல்வதை இன்னொருவர் நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறார்கள். என் அன்றாடம் அதுதான். அங்கே அதற்கு யாரும் தொடையில் கிள்ளுவதில்லை.

ஆனால் இதெல்லாம் வீட்டு டிவியில். நானும் மகனும் சினிமாவால் பேசக் கற்றவர்கள். எங்களால் சினிமா தியேட்டருக்குள் உட்கார முடியவில்லை. ஊர் டூரிங் டாக்கீஸில் இந்தக் கஷ்டம் தெரிந்ததில்லை. மணலில் உட்காரலாம், எழுந்து நடக்கலாம், சத்தம் தாங்காவிட்டால் தட்டிக்கு வெளியே நின்று வசனம் மட்டும் கேட்கலாம். தொண்ணூறுகளில் டிடிஎஸ் வந்தபோது என் கதை முடிந்தது. இப்போது டிரெய்லர் ஓடும்போதே மகன் காதைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்க்கிறான். முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் ஏஎம்சி என்ற தியேட்டர் நிறுவனம் 2007 முதல் எங்களைப் போன்றவர்களுக்கென்று தனிக் காட்சிகள் நடத்துகிறது. நம் நாட்டில் 2024இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தியேட்டர்களுக்கு வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. பார்வைக் குறைபாடோ செவிக் குறைபாடோ உள்ளவர்களுக்கான வசதிகள் அதில் உள்ளன, வர வேண்டியவைதான். வெளிச்சமும் சத்தமும் அதிகமாகிப்போகிறவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆகவே தியேட்டர் வைத்திருப்பவர்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். மாதம் ஒரு காட்சி போதும். கூட்டம் வராத செவ்வாய், புதன் பகல் காட்சியாக இருக்கட்டும். டால்பி ப்ராசஸரில் 7 என்பது தரநிலை என்று ஆபரேட்டருக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் 5க்கு இறக்கச் சொல்லுங்கள். விளக்கைப் பாதி எரியவிடுங்கள், விளம்பரத்தையும் டிரெய்லரையும் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் எழுந்து நடந்தாலும், கையை உதறினாலும், திரையில் இருப்பவர்களுக்கு முன்னாலேயே வசனத்தைச் சொன்னாலும் டார்ச் அடிக்க வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லிவையுங்கள். டிக்கெட்டில் சலுகை வேண்டாம். முழுக் காசு கொடுத்தே வருகிறோம்.